நாள்தோறும் செபித்த நம் அருளானந்தர்

சிறு துளி பெருவெள்ளம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பணத்தைச் சேமிக்கும்போது இந்தப் பழமொழி நம் நினைவுக்கு வருகிறது. செபத்தைச் சேமிக்க முடியும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? எங்களுக்கும் அது தெரியாமல்தான் இருந்தது. நம் தமிழ் மண்ணில் வாழ்ந்து இதே மண்ணில் உயிர் கொடுத்த ஒரு புனிதரின் வரலாறு அதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது.

சென்ற தவக்காலத்தில் எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் கூடி ஒரு பெரிய தீர்மானம் செய்தோம். திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்புப் பெருவிழா வரை நாள்தோறும் ஐம்பத்து மூன்று மணிச் செபம் சொல்வது, விவிலியத்தில் மூன்று அதிகாரம் வாசிப்பது, மதிய உணவு வேளையில் சிற்றாலயத்தில் அரைமணி நேரம் இருப்பது, இனிப்புத் தின்பண்டத்தைத் தொடாதிருப்பது! நெற்றியில் சாம்பலோடு அன்று நாங்கள் நடந்த நடையைப் பார்த்தவர்கள் எங்களைச் சின்னப் புனிதைகள் என்றே நினைத்திருப்பார்கள். நான்கு நாள் எல்லாம் நன்றாக நடந்தது. ஐந்தாம் நாள் ஒருத்தி தூங்கிவிட்டாள். ஆறாம் நாள் அறிவியல் தேர்வு வந்தது. இரண்டாம் வாரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டோம். அதற்குப் பிறகு அந்தத் தீர்மானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதைக் கேள்விப்பட்ட அருட்சகோதரி ஒருவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. புனித அருளானந்தரின் வாழ்க்கை வரலாற்றை எங்கள் கையில் கொடுத்தார். அதைப் படித்து ஒரே ஒரு கணக்குப் போட்டு வரும்படி சொன்னார். அவர் துறவு மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து இறந்த நாள் வரை மொத்தம் எத்தனை நாள்கள்? இவ்வளவுதான் கணக்கு. விடையைக் கண்டுபிடித்தபோதுதான் அவர் ஏன் இந்தக் கணக்கைக் கொடுத்தார் என்பது எங்களுக்கு விளங்கிற்று. அந்த விடையைப் பின்னால் சொல்கிறோம். முதலில் அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

அரண்மனைச் சிறுவன்

1647-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள். போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் உயர்குடி ஒன்றில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அருளப்பரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஜான் தெ பிரிட்டோ என்று உலகம் அறிந்த அந்தக் குழந்தைதான் நம் அருளானந்தர். தந்தை சால்வதோர் அரசுப் பணியாகப் பிரேசில் நாட்டுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்துபோனார். சிறுவயதிலேயே தகப்பனை இழந்த பிள்ளையைத் தாய் பெயாத்திரிஸ் பக்தியில் வளர்த்தார். செபம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் பாடம் அன்று. தாயின் மடியில் கற்பது. அருளானந்தரும் அங்கேதான் கற்றார்.

ஒன்பது வயதளவில் சிறுவன் அரண்மனைக்குச் சென்றான். பின்னாளில் அரசரான இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக இருப்பது அவன் வேலை. பட்டாடை, விருந்து, வேட்டை, விளையாட்டு எதற்கும் குறைவில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே இவன் செபிப்பதைக் கண்டு மற்றச் சிறுவர்கள் கேலி செய்தார்கள். அவன் சண்டைக்கும் போகவில்லை, செபத்தையும் விடவில்லை. நம்மில் எத்தனை பேர் பேருந்தில் சிலுவை அடையாளம் போடக் கூசுகிறோம்! யாராவது பார்த்துவிட்டார்களோ என்று கையைப் பாதியில் இறக்கிவிடுகிறோம். அரண்மனையில் கூசாத அந்தச் சிறுவனை நினைத்தால் நமக்கு வெட்கமாக இருக்கிறது அன்றோ?

பதினோரு வயதில் கடும் நோய் அவனைப் பற்றியது. மருத்துவர்கள் கைவிட்ட நிலையில், பிள்ளை பிழைத்தால் ஓராண்டுக் காலம் சேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாகப் புனித சவேரியாரிடம் தாய் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். பட்டாடைக்காரர்கள் நடுவே கறுப்பு அங்கியோடு ஓராண்டு முழுவதும் திரிந்தான். நேர்த்திக்கடன் முடிந்து அங்கியைக் கழற்றினாலும், அந்த ஆசை மட்டும் அவன் உள்ளத்தை விட்டுக் கழலவில்லை.

பதினைந்து வயதில் ஒரு தொடக்கம்

1662 டிசம்பர் 17 அன்று லிஸ்பனில் சேசு சபையின் நவதுறவியர் இல்லத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 15. தோழியரே, அது எங்கள் வயது! இந்த இடத்தில் நாங்கள் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

நவதுறவியர் இல்லத்தில் அற்புதங்கள் எதுவும் நடப்பதில்லை. மணி அடித்தால் எழ வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் தியானம், பிறகு திருப்பலி. அறை பெருக்குதல், பாத்திரம் கழுவுதல், நோயாளிகளுக்குப் பணிவிடை என்று எளிய வேலைகள். ஞான வாசகம். நண்பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் ஆன்ம சோதனை. மறுநாளும் இதேதான், அதற்கு மறுநாளும் இதேதான். சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இந்த ஆன்ம சோதனைக்கு மிகுந்த இடம் கொடுத்தார். நோயினாலோ வேலையினாலோ மற்றச் செபங்கள் குறைந்தாலும் இதை மட்டும் விடலாகாது என்பது அவர் கருத்து.

இந்த ஆன்ம சோதனை ஐந்து படிகள் கொண்டது. அன்று பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுதல் முதற்படி. நம்மை உள்ளபடி காண அவரிடம் ஒளி கேட்பது இரண்டாவது. காலை முதல் அந்த நேரம் வரை நினைத்ததையும் பேசியதையும் செய்ததையும் மணிமணியாகத் திரும்பிப் பார்ப்பது மூன்றாவது. தவறுகளுக்கு மன்னிப்பு வேண்டுவது நான்காவது. நாளைக்கு எப்படித் திருந்துவது என்று தீர்மானிப்பது ஐந்தாவது. கடைக்காரர் இரவில் கடையடைக்கும் முன் கல்லாப்பெட்டியை எண்ணிக் கணக்கு எழுதுகிறார் அல்லவா? அதைப் போல ஆன்மாவின் வரவு செலவை எழுதும் கணக்கு இது.

அருளானந்தர் பின்னர் எவோரா, கோயிம்பிரா ஆகிய நகரங்களில் உயர்கல்வி கற்றார். இந்தியாவுக்கு அனுப்பும்படி சபைத் தலைவருக்கு மன்றாடி எழுதினார். 1673-இல் குருப்பட்டம் பெற்றார். மகன் கடல் கடக்கப் போகிறான் என்று அறிந்த தாய் அதைத் தடுக்கத் தம்மால் இயன்றதெல்லாம் செய்தார். சவேரியாருக்கு நேர்ந்துவிட்ட அதே தாய்தான்! பெற்ற மனம் அல்லவா? தாயின் கண்ணீரையும் அரண்மனை நட்பையும் விட்டு அதே ஆண்டு மார்ச் மாதம் அவர் கப்பல் ஏறினார். ஏறக்குறைய ஆறு மாதப் பயணம். அவரைப் போன்ற இளைஞர்களைத் திரட்டி அழைத்துவந்த மூத்த மறைப்பணியாளர் பல்தசார் தா கோஸ்தா வழியிலேயே இறந்தார். செப்டம்பரில் கோவாவை அடைந்த அருளானந்தர், தம் சிறுவயது நேர்த்திக்கடனுக்கு உரியவரான சவேரியாரின் கல்லறையில் செபித்தார்.

காவி உடையில் ஒரு பண்டாரச் சுவாமி

1674-இல் மலைகளையும் காடுகளையும் நடந்தே கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார். அக்காலத்தில் மதுரை நாயக்க மன்னர்களின் தலைநகர் எது தெரியுமா? நம் திருச்சிராப்பள்ளிதான். சொக்கநாத நாயக்கர் இங்கிருந்து ஆண்டுவந்தார். அருளானந்தரின் இறுதி ஆண்டுகளில் இங்கே ஆட்சி செய்தவர் இராணி மங்கம்மாள். அவர் பெயரால் விளங்கும் மண்டபத்தில் இன்று அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சுற்றுலா சென்றபோது, அதே காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் ஒரு புனிதர் வெறுங்கையோடு நடந்துகொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. இன்று மதுரைப் பக்கம் போகும் பேருந்துகளும் இரயில்களும் நம் எடமலைப்பட்டி புதூரை ஒட்டியே விரைகின்றன. அன்று அவருக்கு வாகனம் இரண்டு கால்களே.

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், தமிழரோடு தமிழராக வாழ்ந்தால்தான் தமிழருக்குத் தொண்டு செய்ய முடியும் என்று காட்டியிருந்தார். அந்த வழியில், எல்லாச் சாதி மக்களிடமும், குறிப்பாகத் தாழ்த்தப்பட்டவர்களிடமும் செல்லக்கூடிய பண்டாரச் சுவாமிகளில் ஒருவராக ஜான் தெ பிரிட்டோ ஆனார். அருளானந்தர் என்னும் தமிழ்ப் பெயரை ஏற்றார். காவி உடை, தலைப்பாகை, கையில் கோல், காலில் பாதக்குறடு. இறைச்சி, மீன், முட்டை, மது எதையும் தொடவில்லை. சோறு, காய்கறி, பால் இவையே உணவு, அதுவும் ஒரு நாளைக்கு ஒரு வேளை. படுக்கை வெறுந்தரை. செஞ்சி, தஞ்சை, மறவர் நாடு என்று ஓயாமல் நடந்தார். பகலில் நடை, இரவில் மக்களுக்கு மறைக்கல்வி, பாவசங்கீர்த்தனம், திருப்பலி. 1685-இல் மதுரை மறைப்பணித்தளத்தின் தலைவராகவும் நியமிக்கப்பட்டார்.

இவ்வளவு அலைச்சலுக்கு நடுவே செபம் எப்படி நிலைத்தது? நாங்கள் வியந்தது இதைத்தான். அவருக்கு நிலையான கோயில் இல்லை, மணி அடித்து எழுப்புவார் இல்லை, இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் இருப்போம் என்னும் உறுதியும் இல்லை. பதினைந்து வயதில் பழகிய ஒழுங்கு ஒன்றுதான் துணை. மணி அடித்து எழுந்த காலம் போய், மணி அவருடைய உள்ளத்துக்குள்ளேயே அடிக்கத் தொடங்கியிருந்தது.

சோதனையும் அரண்மனையும்

1686-ஆம் ஆண்டு ஜூலையில் மறவர் நாட்டில் உபதேசியார்களுடன் கைது செய்யப்பட்டார். நீரில் அமிழ்த்துதல், கசையடி, கொளுத்தும் வெயிலில் பாறைமீது கிடத்துதல் என்று பலவாறு துன்புறுத்தப்பட்டார். இறுதியில் இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர் அவரை வரவழைத்து, அவருடைய மறையின் கொள்கைகளை விளக்கச் சொல்லிக் கேட்டார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுதலை செய்தார்.

அதன்பின் மறைப்பணித்தளத்தின் அலுவலாக மேலிடத்தார் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1688-இல் லிஸ்பன் வந்தார். சிறுவயதுத் தோழர் பேதுரு இப்போது அரசர்! தம் மகனுக்கு ஆசிரியராக இருக்கும்படி அரசர் விரும்பினார். தாயும் அங்கே இருந்தார். இதைவிடப் பெரிய சோதனை ஏது? கசையடியைத் தாங்கியவர்கூட விருந்து மேசையில் வழுகிவிடலாம். ஆனால் அருளானந்தர் லிஸ்பனிலும் மதுரை நாட்டுத் துறவியாகவே உண்டார், தரையிலேயே படுத்தார். ஒரு பழக்கம் உண்மையாக நம்முடையதாகிவிட்டதா என்பது துன்பத்தில் மட்டுமன்று, வசதியிலும் தெரியும். நாங்கள்கூடப் பள்ளி நாள்களில் ஒழுங்காகச் செபிக்கிறோம். கோடை விடுமுறை வந்து தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்துவிட்டால் செபமாலை எந்த ஆணியில் தொங்குகிறது என்றே தெரிவதில்லை!

1690-இல் மீண்டும் கப்பலேறி வந்தார். ஆபத்து என்று தெரிந்தே மறவர் நாட்டுக்குத் திரும்பினார். காட்டுப் பகுதிகளில் குடில் அமைத்து மக்களைச் சந்தித்தார்.

ஓரியூர்

சிறுவல்லியைச் சேர்ந்த தடியத் தேவர் என்னும் இளவரசர் நோயுற்றிருந்தார். உபதேசியார் ஒருவர் நற்செய்தி வாசித்துச் செபித்தபோது நலம் அடைந்தார். அவர் திருமுழுக்குக் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தக்க பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டார். 1693 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களுள் இளையவரான கடலாயி சேதுபதியின் உறவினர். அவர் முறையிட்டார். ஒரு பெண்ணின் மனக்காயமும் இந்த வரலாற்றில் இருக்கிறது என்பதை நாங்கள் மறக்கவில்லை. ஜனவரி 8 அன்று அருளானந்தர் கைது செய்யப்பட்டார். இராமநாதபுரத்துக்கும் பின்னர் ஓரியூருக்கும் கொண்டுசெல்லப்பட்டார்.

சிறையில் பலிபீடம் இல்லை, புத்தகமும் இல்லை. அங்கே எஞ்சியிருந்தது அவர் உள்ளத்துக்குள் சேமித்து வைத்த செபம் ஒன்றே. பிப்ரவரி 3-ஆம் நாள் தம் சபைத் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். மை இல்லாததால் கரியை நீரில் குழைத்து, வைக்கோல் துரும்பை எழுதுகோலாகக் கொண்டார். மரணத்தை மகிழ்ச்சியோடு எதிர்பார்த்திருப்பதாக அதில் தெரிவித்தார். நடுங்கும் கை அப்படி எழுதுமா?

மறுநாள் 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. அது திருநீற்றுப் புதன்! பாம்பாற்றங்கரையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முழந்தாளிட்டுச் செபித்தார். பிறகு அமைதியாகத் தலைகொடுத்தார். அப்போது அவருக்கு வயது 45. மகனின் மறைசாட்சி மரணத்தைக் கேட்ட தாய் துக்க உடை அணியாமல் விழா உடையணிந்து அரண்மனைக்குச் சென்று இறைவனுக்கு நன்றி கூறினார் என்று அவர் வரலாறு சொல்கிறது.

திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1853-இல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளித்தார். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1947 ஜூன் 22 அன்று புனிதராக உயர்த்தினார். இன்று புதுக்கோட்டை, காரைக்குடி, திருவாடானை வழியாக ஓரியூர் சென்றால், அங்கே செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளும் பக்தர்களைக் காணலாம். கிறிஸ்தவர்கள் மட்டுமல்லர், இந்து சகோதரர்களும் திரளாக வருகிறார்கள்.

கணக்கின் விடை

இப்போது கணக்குக்கு வருவோம். 1662 டிசம்பர் 17 முதல் 1693 பிப்ரவரி 4 வரை, லீப் ஆண்டுகளையும் சேர்த்துக் கூட்டினால் 11,007 நாள்கள். எங்கள் வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்குபவள் இருமுறை சரிபார்த்தாள். அருளானந்தர் என்றதும் நமக்கு நினைவு வருவது வாளும் செம்மண்ணும்தான். அது கடைசி ஒரு நாள். அதற்கு முன்னே இருக்கும் 11,006 நாள்களில் பெரும்பாலானவற்றைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரிகூட இல்லை. எழுந்தார், செபித்தார், உழைத்தார், இரவில் கணக்குப் பார்த்தார், உறங்கினார். ஓரியூரில் அவரை முழந்தாளிட வைத்தது அன்று திடீரென்று பிறந்த வீரமன்று. பதினோராயிரம் நாள் பழகிய முழங்கால்கள் அவை!

நாங்கள் எங்கே தவறினோம் என்பதும் புரிந்தது. கடைசி நாளின் வீரத்தை முதல் நாளே காட்ட நினைத்தோம். நாற்பது நாளையும் ஒரே மூச்சில் விழுங்கப் பார்த்தோம். ஒரு நாள் தவறியதும் எல்லாம் போயிற்று என்று விட்டுவிட்டோம். ஆன்ம சோதனையின் ஐந்தாவது படி என்ன? நாளைக்குத் திருந்துவது. தவறுவோம் என்று அறிந்துதானே புனித இஞ்ஞாசியார் அந்தப் படியை வைத்திருக்கிறார்!

எங்கள் வகுப்பில் இருக்கும் முஸ்லிம் தோழி ஒரு நாளைக்கு ஐந்து வேளை தொழுகையைப் பற்றிச் சொல்வாள். திருவரங்கத்திலிருந்து வரும் தோழி, விடியற்காலைத் தரிசனத்துக்குப் பாட்டியோடு கோயிலுக்குப் போவதைச் சொல்வாள். அவர்கள் வீட்டில் இதை யாரும் பெரிய தீர்மானம் என்று சொல்வதில்லை. பல் துலக்குவது போல அது நடக்கிறது. நாமும் அவர்களிடம் கற்கலாம் அல்லவா?

எனவே மீண்டும் தொடங்கினோம், இந்த முறை சிறியதாக. கண் விழித்ததும் சிலுவை அடையாளமும் அந்த நாளை இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கும் சிறு செபமும். நண்பகல் மணி ஒலிக்கும்போது மூவேளைச் செபம். நாளுக்கு நற்செய்தியில் பத்தே வரி. படுக்கும் முன் ஐந்து நிமிட ஆன்ம சோதனை. அவ்வளவுதான். செபமாலையை வீட்டில் அம்மா, அப்பாவோடு சேர்ந்து சொல்கிறோம். தவறிய நாளில் அழுவதில்லை, மறுநாள் தொடர்கிறோம். எட்டுப் பேரில் ஐந்து பேர் இன்னும் தொடர்கிறோம். மற்ற மூவருக்கும் எங்கள் அருகில் இடம் போட்டே வைத்திருக்கிறோம்.

பொதுத் தேர்வு நெருங்குகிறது. செபித்தால் மதிப்பெண் கூடுமா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் இரவில் புத்தகத்தை மூடும்போது, அன்றைய நாளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்குகிறோம் என்ற நிம்மதி கிடைக்கிறது. முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சென்று பார்த்து வந்த இறைவன், இப்போது வீட்டில் ஒருவராகத் தோன்றுகிறார்.

அன்புத் தோழியரே, பெற்றோரே! நம்மில் யாருக்கும் ஓரியூர் வாய்க்காமல் இருக்கலாம். ஆனால் நாளைக் காலை நம் எல்லோருக்கும் வாய்க்கும். பதினைந்து வயதில் அருளானந்தர் தொடங்கிய அந்த முதல் நாளை நாமும் தொடங்குவோமாக! புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

– பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில் ஒரு மாணவி,
எடமலைப்பட்டி புதூர், திருச்சிராப்பள்ளி